பீகிள் குட்டியின் கண்ணோரத்தில் சிவப்பு உருண்டை: வெட்டுவதா, உள்ளே வைத்துத் தைப்பதா?

கணக்குப்பிள்ளை:

வணக்கம். எங்கள் வீட்டு பீகிள் குட்டி ஜில்லுவுக்கு ஐந்து மாதம். பெண். போன வாரம் மதியத் தூக்கம் கலைந்து எழுந்து வந்தவளின் இடது கண்ணில், மூக்குப் பக்க ஓரத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு சிவப்பு உருண்டை நின்றது. வழவழப்பாக, ஈரமாக இருந்தது. ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்றாள் என் மனைவி. கண்ணே வெளியே வந்துவிட்டது என்று மகன் அழ ஆரம்பித்துவிட்டான். ஜில்லுவோ எங்கள் மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, என் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டாள். வலி இருக்கிற மாதிரி தெரியவில்லை.

அன்று மாலையே ஒரு டாக்டரிடம் காட்டினேன். இமையைத் தூக்கிப் பார்த்த உடனேயே, "இது செர்ரி ஐ. குட்டிகளுக்கு வருவதுதான். வெட்டி எடுத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை, மறுபடி வராது" என்றார். வேறு பரிசோதனை எதுவும் செய்யவில்லை. எனக்கு அந்த ஐந்து நிமிடம்தான் உறுத்தியது. மறுநாள் இன்னொரு டாக்டரிடம் போனேன். அவர் நேர்மாறாகச் சொன்னார். "யார் சொன்னாலும் வெட்டவிடாதீர்கள். அது கண்ணீர் சுரக்கிற சுரப்பி. அதை உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். நான் அதைச் செய்வதில்லை, கண் அறுவை தெரிந்தவரிடம் எழுதித் தருகிறேன்" என்றார். அதுவரைக்கும் போட ஒரு சொட்டு மருந்தும், இரவுக்கு ஒரு களிம்பும் கொடுத்திருக்கிறார்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஒரே சரக்குக்கு இரண்டு பேர் இரண்டு தொகை சொன்னால், யாரோ ஒருவர் ஏதோ ஒரு வரியை விட்டுவிட்டார் என்றுதான் புத்தி போகும். விட்டுப்போன வரி எது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இன்னொரு விஷயம். காலையில் எழும்போது உருண்டை சில நாள் காணவே காணோம். ஓடி விளையாடிவிட்டு வந்தால் மறுபடி எட்டிப் பார்க்கிறது. சொட்டு மருந்து போட ஆரம்பித்த பிறகு சிவப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அளவு குறையவில்லை. இப்படி உள்ளே போய் வருவதைப் பார்த்தால் தானாகச் சரியாகிவிடுமோ என்று வீட்டில் ஒரு கட்சி. கண்ணில் கத்தி வைக்கவே கூடாது என்று என் மாமியார் தலைமையில் இன்னொரு கட்சி. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

காக்கர் அக்கா:

தம்பி, வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது ஒரு கிழட்டு காக்கர் ஸ்பானியல். நான் தத்தெடுக்கும்போதே வளர்ந்த நாய். முந்தைய வீட்டில், குட்டியாக இருந்தபோது, இரண்டு கண்ணிலும் செர்ரி ஐ வந்து இரண்டையும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த மருத்துவக் குறிப்பேட்டில் அது ஒரே ஒரு வரி. என்னிடம் வந்த புதிதில் கண் பளிச்சென்றுதான் இருந்தது. பிரச்சினை ஆரம்பித்தது அதற்குச் சில வருஷம் கழித்து.

முதலில் பீளைதான். எல்லா நாய்க்கும் காலையில் கண்ணோரத்தில் கொஞ்சம் பீளை நிற்கும், துடைத்தால் போய்விடும். இது அப்படியில்லை. கருவிழியின் மேலேயே மஞ்சளும் பச்சையுமாக ஒட்டிக்கொண்டு, இமையைத் திறந்தால் மேலிமைக்கும் கீழிமைக்கும் நடுவில் நூல் நூலாக இழுபடும். துடைத்து அரை மணி நேரத்தில் மறுபடி கட்டும். கண்ணில் பளபளப்பே போய்விட்டது. நல்ல கண்ணில் ஜன்னலின் பிம்பம் கோடு கோடாகத் தெளிவாகத் தெரியும் இல்லையா, இதன் கண்ணில் அந்த ஜன்னல் கலைந்து போய்த் தெரிந்தது. நான் கிருமித் தொற்று என்று நினைத்தேன். டாக்டர் ஒரு மெல்லிய காகிதப் பட்டையைக் கீழிமைக்குள் செருகி ஒரு நிமிடம் வைத்தார். ஷிர்மர் சோதனை என்று பெயர். நல்ல நாய்க்கு அந்தப் பட்டை 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் நனைய வேண்டுமாம். இதற்கு வலது கண்ணில் 4, இடது கண்ணில் 6.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கடிகாரமே அதன் கண்ணைச் சுற்றித்தான். காலையிலும் இரவிலும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் சைக்ளோஸ்போரின் களிம்பு. நடுவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, எத்தனை தடவை முடிகிறதோ அத்தனை தடவை. களிம்பு போடுவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை மூடிய கண்மேல் வைத்துப் பீளையை ஊறவைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து பீளை மேல்தான் உட்காரும், கண்ணுக்குப் போகாது. இது ஆயுளுக்கும். கல்யாணம், ஊர்ப்பயணம் எதுவானாலும் களிம்பு போடத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். இவ்வளவு செய்தும் வலது கருவிழியில் பழுப்பு நிறம் ஒரு ஓரத்திலிருந்து படர்ந்து வருகிறது. அது பரவாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் இப்போது முடியும்.

உங்கள் முதல் டாக்டரின் ஐந்து நிமிடம் பொய்யில்லை. உண்மையிலேயே ஐந்து நிமிட வேலைதான். மிச்சக் கணக்கு இங்கே என் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாலுகால் நண்பன்:

எல்லாரும் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள் என்று தெரியவில்லை. எங்கள் ஷிட்ஸூ குட்டிக்கும் இதே மாதிரி வந்தது. டாக்டர் கண்ணில் வழவழப்புக்கு ஒரு களிம்பு போட்டு, இமையை மூடி, மேலிருந்து விரலால் மூக்குப் பக்கமாக மெதுவாகத் தள்ளிக் காட்டினார். உருண்டை உள்ளே போய்விட்டது. அப்புறம் இரண்டு மூன்று தடவை வெளியே வந்தது, நாங்களே அதே மாதிரி செய்தோம். இப்போது அதற்கு இரண்டு வயது ஆகிறது, ஒரு தொந்தரவும் இல்லை. முதலில் மசாஜ் செய்து பாருங்கள் சார். ஆபரேஷனுக்கு என்ன அவசரம்?

கால்நடை டாக்டர்:

நான் சிறு பிராணிகளுக்கு வைத்தியம் பார்ப்பவன். குட்டியை நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். விஷயத்தை மட்டும் விளக்குகிறேன்.

நாய்க்கு மேலிமை, கீழிமை தவிர மூன்றாவதாக ஓர் இமை உண்டு. மூக்குப் பக்க ஓரத்தில் வெளிர் சிவப்பாக மடிந்து கிடக்கும். தூங்கி வழியும் நாயின் கண்ணில் பாதி ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஆங்கில 'T' எழுத்து வடிவத்தில் ஒரு குருத்தெலும்பு, அதன் அடிப்பக்கத்தைச் சுற்றி ஒரு கண்ணீர்ச் சுரப்பி. கண்ணுக்கு வேண்டிய நீர்க் கண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இந்தச் சுரப்பிதான் தருகிறது. மீதியை மேலே, கண்குழிக்குள் இருக்கும் பெரிய சுரப்பி தருகிறது. இந்தக் கீழ்ச் சுரப்பியைக் கண்குழியோடு பிடித்து வைத்திருக்கும் இணைப்புத் திசு சில இனங்களில் பிறவியிலேயே தளர்ந்திருக்கும். அது பிடியை விட்டால் சுரப்பி புரண்டு மேலே வந்துவிடும். காற்றுப் பட்டு, உராய்ந்து, வீங்கி, நீங்கள் பார்க்கும் உருண்டையாகிறது. பீகிள், காக்கர், புல்டாக், பிரெஞ்சு புல்டாக், லாசா, ஷிட்ஸூ, பாஸ்டன் டெரியர், மாஸ்டிஃப் வகைகள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் வந்துவிடும். நீங்கள் கொடுத்த தீனியோ, விளையாட்டில் பட்ட அடியோ காரணமில்லை.

இப்போது கணக்குப்பிள்ளை கேட்ட விட்டுப்போன வரி. சுரப்பியை வெட்டியதும் நாய்க்கு உடனே ஒன்றும் ஆகாது. மேல் சுரப்பி சமாளிக்கும், கண் அழகாக இருக்கும், தைத்த வடு கூடத் தெரியாது. அதனால்தான் ஒரு காலத்தில் எல்லாரும் வெட்டினோம். வயதாகி மேல் சுரப்பி தளரும்போதோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்க ஆரம்பிக்கும்போதோதான் இருப்பு இல்லை என்பது தெரியவரும். 1993இல் ஓர் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 1980 முதல் 1990 வரை சிகிச்சைக்கு வந்த 89 செர்ரி ஐ நேர்வுகளைப் பின்னோக்கிப் பார்த்தது. வெட்டி எடுத்தவற்றில் ஏறக்குறைய பாதிக்குப் பிற்பாடு கண் வறண்டது. சுரப்பியைத் திரும்ப உள்ளே வைத்தவற்றில் அது வெகு குறைவு. கவனிக்க வேண்டியது இன்னொன்று: ஒன்றும் செய்யாமல் வெளியே அப்படியே விட்டவற்றின் நிலைமையும் வெட்டியவற்றைவிடப் பெரிதாக மேலாக இல்லை. ஆகவே 'இருக்கட்டும், பார்க்கலாம்' என்பதும் ஒரு முடிவுதான், நல்ல முடிவு இல்லை.

அக்கா சொன்ன சைக்ளோஸ்போரின் விஷயத்தில் ஒரு சேர்க்கை. சுரப்பியின் மேல் நடக்கும் தாக்குதலை அடக்கி, அதைத் திரும்பச் சுரக்க வைப்பதுதான் அந்த மருந்தின் வேலை. தூண்டுவதற்குச் சுரப்பி இருந்தால்தானே? வெட்டி எடுத்த கண்ணில் மருந்துக்கும் கை கட்டப்பட்ட நிலைதான்.

மசாஜ் பற்றி: நாலுகால் நண்பன் சொன்னது நடக்கக்கூடியதுதான். புதிதாக வெளியே வந்து, அதிகம் வீங்காத சுரப்பி சில நாய்களுக்கு அப்படி உள்ளே போய் நின்றுவிடும். ஆனால் அது சிறுபான்மை. கட்டு தளர்ந்துதானே வெளியே வந்தது, விரலால் தள்ளினால் கட்டு இறுகிவிடாது. டாக்டர் காட்டித் தந்திருந்தால் மென்மையாகச் செய்து பார்க்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் விட்டுவிடுங்கள், அழுத்தித் தள்ளினால் வீக்கம்தான் கூடும்.

சொட்டு மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீக்கம் குறைய ஸ்டீராய்டு கலந்த சொட்டு கொடுப்பது உண்டு. அதற்கு முன் ஃபுளோரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் விட்டு நீல ஒளியில் பார்க்க வேண்டும். கருவிழியில் கீறலோ புண்ணோ இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். புண் இருக்கும் கண்ணில் ஸ்டீராய்டு போட்டால் புண் ஆழமாகிவிடும். வீட்டில் மனிதர்களுக்கு வாங்கி மிச்சமிருக்கும் சொட்டை எடுத்துக் குட்டிக்கு விடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

கணக்குப்பிள்ளை:

அக்கா, டாக்டர், இரண்டு பேருக்கும் நன்றி. விட்டுப்போன வரி கிடைத்துவிட்டது. வெட்டும் கட்சி கலைக்கப்பட்டது. மாமியார் கட்சி இன்னும் உறுதியாக நிற்கிறது.

இரண்டாவது டாக்டர் அந்தச் சாயம் விட்டுப் பார்த்துத்தான் மருந்து கொடுத்தார். என்ன செய்கிறார் என்று அப்போது புரியவில்லை. கண்ணிலிருந்து இறங்கி மூக்கு வழியாகப் பச்சையாக ஒழுகியதைப் பார்த்து என் மகனுக்கு ஒரே சிரிப்பு.

அடுத்தது, தைக்கப் போவதாக வைத்துக்கொள்வோம். எப்படித் தைப்பார்கள்? ஐந்து மாதக் குட்டிக்கு மயக்க மருந்து கொடுக்கலாமா, இல்லை கொஞ்சம் வளரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா? வலது கண்ணுக்கும் வருமா? வரும் என்றால் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடலாமே? டாக்டரைப் போய்ப் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்தால் நல்லது. நான் மருத்துவமனையில் உட்கார்ந்தால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து யோசிக்கும் ரகம்.

கால்நடை டாக்டர்:

இரண்டு வழி பரவலாக உண்டு. முதலாவது பை முறை. மூன்றாவது இமையின் உட்புறத்தில், சுரப்பிக்கு இரு பக்கமும் சவ்வில் ஒவ்வொரு கீறல் போடுவோம். அந்த இரண்டு கீறல்களின் வெளி விளிம்புகளையும் சுரப்பிக்கு மேலாக இழுத்துச் சேர்த்துத் தைத்தால், சுரப்பி உள்ளே ஒரு பையில் அடங்கிவிடும். தானாகக் கரையும் மெல்லிய நூல், பிரிக்கத் தேவையில்லை. இதில் இரண்டு நுணுக்கம். தையலின் இரண்டு முனையிலும் கொஞ்சம் திறப்பு விட வேண்டும், சுரக்கும் கண்ணீர் வெளியே வர வழி வேண்டுமே. முழுக்க மூடினால் உள்ளேயே நீர் சேர்ந்து நீர்க்கட்டி ஆகிவிடும். முடிச்சு இமையின் வெளிப்பக்கம் விழ வேண்டும். உட்பக்கம் விழுந்தால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கருவிழியை அராவிப் புண்ணாக்கும்.

இரண்டாவது, சுரப்பியைக் கண்குழியின் கீழ் விளிம்பு எலும்பை மூடியிருக்கும் உறையோடு நூலால் கட்டி இழுத்து நிறுத்துவது. பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் மூன்றாவது இமையின் அசைவு கொஞ்சம் குறையும். பை முறை நிற்காத நாய்களுக்கும், திசு மிகத் தளர்ந்த பெரிய இனங்களுக்கும் இதைத் தனியாகவோ பை முறையோடு சேர்த்தோ செய்வார்கள். எது என்பது செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. அதனால் 'எந்த முறை நல்லது' என்று கேட்பதைவிட, 'நீங்கள் வழக்கமாக எதைச் செய்கிறீர்கள், திரும்ப வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்' என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவர் என்றால், திரும்ப வந்த கேஸையும் பார்த்தவர் என்று அர்த்தம்.

ஷிர்மர் சோதனையை அறுவைக்கு முன்னால் இரண்டு கண்ணிலும் எடுத்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரம். சொட்டு எதுவும் விடுவதற்கு முன்பு எடுக்க வேண்டும். இன்னொன்று, வெளியே நிற்பது சுரப்பிதானா என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளட்டும். சில குட்டிகளுக்கு, கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களில் அதிகமாக, அந்தக் குருத்தெலும்பே வெளிப்பக்கம் மடங்கிக்கொண்டு இதே மாதிரி காட்டும். அதற்கு வைத்தியம் வேறு, மடங்கிய துண்டை எடுக்க வேண்டும்.

ஐந்து மாதம் மயக்க மருந்துக்குச் சின்ன வயதில்லை. ஆரோக்கியமான குட்டியாக இருந்து, முன்கூட்டி ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் தாங்கும். எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்பதைக் கேட்டு அப்படியே செய்யுங்கள். நன்றாக இருக்கட்டும் என்று நீங்களாக நேரத்தைக் கூட்டாதீர்கள், குட்டிகளுக்குச் சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும். மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. வெளியே நிற்கும் ஒவ்வொரு வாரமும் சுரப்பி இன்னும் வீங்கும், குருத்தெலும்பும் வளையும், பைக்குள் அடக்குவது சிரமமாகும். அதே சமயம் இது நள்ளிரவில் எழுப்பிச் செய்யும் அவசரமும் இல்லை. கண்ணைத் திறக்காமல் சுருக்கிக்கொண்டாலோ, கருவிழி வெளுத்தாலோ, விடாமல் தேய்த்தாலோ மட்டும் அன்றே ஓடுங்கள்.

வலது கண்ணுக்கு வரலாம். நிறைய குட்டிகளுக்கு முதல் கண்ணுக்குச் சில மாதங்களுக்குள் அடுத்ததும் வருகிறது. வராத கண்ணை முன்கூட்டியே தைப்பதை நான் செய்வதில்லை. மயக்கத்தில் இருக்கும்போது அந்தச் சுரப்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்து எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள், அது போதும். இது பரம்பரையாக வருவது என்பதால் ஜில்லுவைக் குட்டி போட விடாமல் கருத்தடை செய்துவிடுவது நல்லது.

புல்டாக் வீடு:

டாக்டர் மேலே சொன்ன 'திரும்ப வந்த கேஸ்' எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பை முறையில் தைத்தோம். அழகாக உள்ளே போனது. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை பார்த்தால் பழையபடி வெளியே. அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது தடவை எலும்பு உறையோடு சேர்த்துக் கட்டினார்கள். அது நின்றுவிட்டது. சொல்ல வந்தது என்னவென்றால், ஒரு முறை தோற்றால் உடனே 'சரி, வெட்டிவிடலாம்' என்று யாராவது சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். கேட்காதீர்கள். பீகிளுக்கு எங்கள் புல்டாக் அளவுக்குத் திரும்ப வரும் ஆபத்து இல்லை என்றுதான் எங்கள் டாக்டர் சொன்னார்.

அறுவை நடக்கிற நாள் ஒன்றுமேயில்லை. அதற்குப் பிறகு வரும் இரண்டு வாரம்தான் உங்களுக்குப் பரீட்சை. கழுத்தில் கூம்பு மாட்டுவார்கள். முதல் நாள் ஜில்லு எல்லாக் கதவிலும் முட்டுவாள், பின்னாலேயே போய்ச் சமாதானம் செய்யாதீர்கள், பழகிவிடும். 'பாவம், சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம்' என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். உங்கள் வீட்டில் அது யார் என்று எனக்கே தெரிகிறது. கழற்றிய அரை நிமிடத்தில் முன்னங்காலால் ஒரு இழு இழுத்தால் தையல் போச்சு. தட்டைக் கொஞ்சம் உயரத்தில், கூம்புக்குள் அடங்குகிற அகலத்தில் வையுங்கள், சாப்பிட்டுவிடும். கூம்பின் நுனி மூக்கு நுனியைத் தாண்டி நீள வேண்டும். குட்டையாக இருந்தால் சோபா ஓரத்தில் கண்ணைக் கொண்டுபோய்த் தேய்க்கும்.

சொட்டு விடுவதற்கு ஒரு வழி. முன்னால் இருந்து பாட்டிலை நீட்டினால் தலையை ஆட்டும். குட்டியை உங்கள் கால்களுக்கு நடுவில், உங்களுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, பின்னாலிருந்து மோவாயைத் தூக்கி, கட்டைவிரலால் மேலிமையை மேலே இழுத்து விடுங்கள். பாட்டில் வருவதே அதற்குத் தெரியாது. மூன்றாவது இமையைத் தொட வேண்டாம். சொட்டும் களிம்பும் இரண்டும் இருந்தால் சொட்டு முதலில், ஐந்து பத்து நிமிடம் விட்டுக் களிம்பு.

காக்கர் அக்கா:

வலிக்குதேன்னு நம்ம மாத்திரையைப் பாதி உடைச்சுக் கொடுக்கிற வேலையும் வேண்டாம் தம்பி. ஐபுப்ரோஃபென் எல்லாம் நாய்க்கு விஷம். டாக்டர் கொடுக்கிற வலி மருந்து மட்டும்.

கணக்குப்பிள்ளை:

தகவல் சொல்லத் தாமதமாகிவிட்டது. ஜில்லுவுக்கு அறுவை முடிந்துவிட்டது. பை முறை. முன்னால் எடுத்த ஷிர்மர் அளவு இடது 17, வலது 20. இரண்டையும் குறிப்பேட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். இந்த விஷயத்தில் என் தொழில் புத்தி உதவியது.

திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டாக்டர் ஒரு தாளை எடுத்து கண்குழியின் விளிம்பைப் படம் போட்டு, எந்த இடத்தில் கட்டுவார் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார். அப்போதே மனசு பாதி அமைதியாகிவிட்டது. முடிச்சு வெளிப்பக்கம்தானே என்றும் கேட்டுவைத்தேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தார். வலது சுரப்பியை இழுத்துப் பார்த்தாராம். கொஞ்சம் தளர்வு இருக்கிறது, வராமலும் போகலாம், கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்.

முதல் இரண்டு நாள் மூன்றாவது இமை முழுக்க வீங்கி, முன்னைவிடப் பயங்கரமாக இருந்தது. பழையபடி வந்துவிட்டதோ என்று படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். வீக்கம்தான், உருண்டை இல்லை, இறங்கிவிடும் என்றார். இறங்கிக்கொண்டிருக்கிறது. சொட்டு விட நான், பிடித்துக்கொள்ள மகன். புல்டாக் வீடு சொன்ன 'பின்னாலிருந்து' முறை அருமையாக வேலை செய்கிறது. கூம்பைக் கழற்றச் சொல்லி மாமியார் தினமும் மனு கொடுக்கிறார். கத்தியே வேண்டாம் என்றவர் இப்போது தையல் ஆறுகிற வரைக்கும் நான்தான் சாப்பாடு வைப்பேன் என்று தட்டைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிடுகிறார். அதனால் மனுவைத் தள்ளுபடி செய்வது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இருந்தாலும் செய்துவிட்டேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அறுவைக்கு முன்பு கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு அரை பாட்டில் இருக்கிறது. நாளைக்கு வலது கண்ணில் எட்டிப் பார்த்தால் அதையே போடலாமா?

கால்நடை டாக்டர்:

வேண்டாம். திறந்த பாட்டிலின் ஆயுள் பெரும்பாலும் நாலு வாரம்தான், லேபிளில் போட்டிருக்கும். அது ஒரு பக்கம் இருக்க, வலது கண்ணில் அன்றைக்குக் கீறல் இருக்கிறதா என்று சாயம் விட்டுப் பார்க்காமல் ஸ்டீராய்டு போகக் கூடாது. கொட்டிவிடுங்கள். உருண்டை வந்தால் வழவழப்புக்குச் செயற்கைக் கண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டு, கூம்பை மாட்டி, அந்த வாரத்துக்குள் காட்டுங்கள். இடது கண்ணில் தையல் கரைந்த பிறகு ஒரு ஷிர்மர், அப்புறம் வருடாந்தரத் தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் ஒன்று.

கணக்குப்பிள்ளை:

கொட்டிவிட்டேன். கூம்பு கழற்றும் நாள் அன்றைக்கே ஷிர்மருக்கும் நேரம் வாங்கிவிட்டேன். அளவு வந்ததும் எழுதுகிறேன்.